செருப்போட வந்த எதிர்மனுதாரர்

தாசில்தார் திருமேனிநாதனுக்கு ஐம்பத்து மூணு வயசு. அவரோட குரு மெய்யம்மைத் தாய்க்கு நாப்பத்தஞ்சு. சாலைக்கரை மடத்துக்கு அவங்கதான் தலைவி. எட்டு வயசு சின்னவங்க கால்ல ஒரு தாசில்தார் விழறாரேன்னு ஊர்ல சிரிச்சாங்க. சிரிச்சவங்கதான் வெள்ளிக்கிழமை ஆனா மடத்து வாசல்ல சுண்டலுக்கு முதல் ஆளா நின்னாங்க, அது வேற விஷயம்.

அவரோட ஆபீஸ் அறையைப் பாத்தா நீங்களே செருப்பக் கழட்டிருவீங்க. சுவர் பூரா சாமி படம், மாலை, விளக்கு, சாம்பிராணிப் புகை. நாற்காலிக்குப் பின்னாடி மெய்யம்மைத் தாயோட பெரிய போட்டோ. கழட்டணும்னு யாரும் எழுதிப் போடல. ஆனாலும் வாசல்ல எப்பவும் இருபது ஜோடி செருப்பு கெடக்கும். தாசில்தாரும் தன்னோடத வெளிய விட்டுட்டு, மேஜைக்கு அடியில வெறுங்காலோடதான் உக்காந்திருப்பாரு.

பள்ளிவாசல் ஜமாத் தலைவர் மீராசா ராவுத்தர் அந்த வாசலத் தாண்டினதே இல்ல. நாலு தடவ வந்தாரு. நாலு தடவையும் செருப்பக் கழட்டிட்டு, நிலைப்படிக்கு வெளிய நின்னே மனுவ நீட்டினாரு.

"உள்ள வாங்க பாய்."

"இருக்கட்டுங்க. பூஜை ரூம் மாதிரி இருக்கு. நான் இங்கயே நின்னுக்கறேன்."

விஷயம் இதுதான். பள்ளிவாசல்ல இருந்து கபர்ஸ்தானுக்கு, அதான் அவங்க அடக்கம் பண்ற இடத்துக்குப் போக ஒரு பழைய வண்டிப்பாதை இருந்துச்சு. இருபது வருஷத்துக்கு முன்னாடி மடத்து நந்தவனத்துக்கு முள்வேலி போட்டப்ப, அந்தப் பாதையும் வேலிக்குள்ள போயிருச்சு. அதுக்கப்பறம் இறந்தவங்களத் தூக்கிட்டுப் போறவங்க கால்வாய்ல எறங்கித்தான் அக்கரைக்கு ஏறணும்.

"போன ஐப்பசியில என் வீட்டுக்காரி மௌத்தானா," அப்படின்னாரு ராவுத்தர், வெளிய நின்னபடி. "இடுப்பளவு தண்ணி. அவள வெச்ச சந்தூக்குப் பெட்டியத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போனோம். நடுவுல ஒருத்தருக்குக் கால் வழுக்கிருச்சு." மனுவ இன்னொரு தடவ உள்ள நீட்டினாரு.

தாசில்தார் சர்வே வரைபடத்த எடுத்துப் பாத்தாரு. பாதை பளிச்சுனு இருந்துச்சு. அரசாங்க இடம். கண்ணு தெரியாதவன் தடவிப் பாத்தாக்கூட சொல்லிருவான். ஆனா வேலி மடத்தோடது. வரைபடத்த மூடி வெச்சாரு. அப்படி நாலு தடவ மூடி வெச்சாரு.

வெள்ளிக்கிழமை மடத்துக்குப் போனாரு. மெய்யம்மைத் தாய் நந்தவனத்துல செண்பக மரத்துக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தாங்க.

"தாயே, ஒரு சந்தேகம்."

"கேளு திருமேனி."

"நம்ம வேலியப் பத்தி ஒரு மனு வந்திருக்கு. என்னன்னு உத்தரவு எழுதட்டும்?"

"இங்க மனு வாங்கறதில்ல. சுண்டல்தான் குடுக்கறோம்."

"விளையாடாதீங்க தாயே. உங்க வாயால ஒரு வார்த்த வந்தாப் போதும்."

"வார்த்த வேணும்னா நோட்டீஸ் அனுப்பணும். அதான உங்க ஆபீஸ் வழக்கம்?"

அந்த நோட்டீஸ எழுத அவருக்கு அரை நாள் ஆச்சு. மேல 'பொருள்: வண்டிப்பாதை ஆக்கிரமிப்பு', அதுக்குக் கீழ 'பார்வை: மீராசா ராவுத்தர் மனு'. அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஆரம்பிச்சது பாருங்க. 'அடியேன் தங்கள் திருவடிகளை வணங்கி விண்ணப்பிப்பது யாதெனில், தாயார் அவர்கள் திருவுளம் இரங்கி, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணைக்கு எழுந்தருள வேண்டும்.' அதுக்கு அடியில வட்டமா அரசாங்க முத்திரை.

சாயங்காலமே அந்தக் காகிதம் திரும்பி வந்துருச்சு. 'அடியேன்'ங்கிற வார்த்தையச் சுத்தி சிவப்பு மையில ஒரு வட்டம். பக்கத்துல ஒரே ஒரு வரி: 'இந்தப் பேர்ல உங்க ஆபீஸ்ல ஒரு அதிகாரி இருக்காரா?'

தாசில்தார் அதக் கிழிச்சுப் போட்டுட்டு இன்னொண்ணு எழுதினாரு. இந்தத் தடவ எல்லாருக்கும் எழுதற மாதிரி. 'ஆஜராகத் தவறினால் ஒருதலைப்பட்சமாக முடிவு செய்யப்படும்.' குருவுக்கு அந்த வரிய எழுதிட்டு, பேனாவ ரெண்டு தடவ மூடித் தெறந்தாரு. ஆனாலும் கையெழுத்துப் போட்டாரு.

திங்கட்கிழமை பதினொரு மணி. ராவுத்தர் எப்பவும் போல நிலைப்படிக்கு வெளிய நின்னுக்கிட்டு இருந்தாரு. டவுன் பஸ்ல வந்து எறங்கினாங்க மெய்யம்மைத் தாய். கால்ல ரப்பர் செருப்பு. அதுல நந்தவனத்து மண்ணு காயாம ஒட்டியிருந்துச்சு. டபேதார் பால்சாமி ஓடி வந்து கும்பிட்டான். அவங்க செருப்போட நேரா அறைக்குள்ள போகப் போனாங்க.

"தாயே, செருப்பு..."

"ஏன், உள்ள யாராச்சும் தூங்கறாங்களா?"

"இல்ல தாயே, சாமி படம்..."

"நான் சாமியப் பாக்க வரல பால்சாமி. தாசில்தாரப் பாக்க வந்திருக்கேன்."

டப் டப்புனு உள்ள போயிட்டாங்க. தரையில மண்ணு உதிர்ந்துச்சு. ராவுத்தர் அந்தக் கால்களையே பாத்தாரு. அப்பறம் ஓரமாக் கெடந்த தன்னோட செருப்பப் பாத்தாரு. குனிஞ்சு மாட்டிக்கிட்டாரு. முதல் தடவையா நிலைப்படியத் தாண்டி உள்ள வந்தாரு.

தாசில்தார் எந்திரிச்சு நின்னு கை கூப்பினாரு. தன் நாற்காலிய இழுத்து விட்டாரு.

"தாயே, இங்க உக்காருங்க."

"அது உங்க நாற்காலி சார்."

சார். அவரு சிஷ்யனா இருந்த பன்னெண்டு வருஷத்துல அவங்க வாயில இருந்து 'நீ', 'திருமேனி' தவிர வேற எதுவும் வந்ததில்ல. யாரோ கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளின மாதிரி இருந்துச்சு அவருக்கு. அவங்க ராவுத்தர் பக்கத்துல, மனு குடுக்க வர்றவங்க உக்கார்ற பெஞ்சுல போய் உக்காந்தாங்க. நிமிந்து, நாற்காலிக்குப் பின்னாடி மாலையோட தொங்கின தன் போட்டோவப் பாத்தாங்க.

"இந்த விசாரணையில அந்தம்மா எந்தப் பக்கம் சார்?"

ராவுத்தர் இருமற மாதிரி வாயப் பொத்திக்கிட்டாரு. தாசில்தார் கண்ணக் காட்ட, பால்சாமி ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் போட்டோவக் கழட்டினான். சுவர்ல அந்த இடம் மட்டும் வெளுப்பாத் தெரிஞ்சுச்சு.

"சொல்லுங்க..." எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாம நின்னாரு தாசில்தார்.

"எதிர்மனுதாரர்," அப்படின்னு அவங்களே எடுத்துக் குடுத்தாங்க. "சொல்றேன் சார். வேலி எங்களோடது. எங்க பழைய குரு போட்டது. உள்ள இருக்கற செண்பக மரம் அவரு கையால நட்டது. தினமும் பூஜைக்கு அந்தப் பூதான். வேலிய எடுக்கக் கூடாதுன்னு கேட்டுக்கறேன்."

தாசில்தார் இத எதிர்பாக்கல. குரு தானா விட்டுக் குடுத்துருவாங்க, தன் பாடு சுலபமாப் போயிரும்னுதான் மனுஷன் ராத்திரி நல்லாத் தூங்கியிருந்தாரு.

"பாய், நீங்க?"

"எனக்கு அந்த மரத்து மேல கோவம் எதுவும் இல்லீங்க. எங்களுக்கு வழி வேணும். அடுத்த ஐப்பசிக்குள்ள வேணும்."

"தாயே, நீங்களே பாத்து ஒரு..."

"நான் கேக்க வேண்டியதக் கேட்டுட்டேன் சார். பாயும் கேட்டுட்டாரு. இந்த ரூம்ல இன்னும் ஒருத்தர்தான் பேசல."

தாசில்தார் மேஜைக்கு அடியில காலத் தேச்சுக்கிட்டு இருந்தாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு: "பால்சாமி, வெளிய என் செருப்புக் கெடக்கும். எடுத்துட்டு வா."

பால்சாமி முழிச்சான். எடுத்துட்டு வந்தான். அதப் போட்டுக்கிட்டு வரைபடத்த விரிச்சாரு. இந்தத் தடவ மூடல.

பாதை அரசாங்கத்தோடது. வேலிய முப்பது நாளுக்குள்ள எடுக்கணும். மரம் பாதை ஓரமா இருக்கறதால நிக்கலாம். ஆனா அது இனிமே அரசாங்க மரம். எழுதி முடிச்சு ரெண்டு பேருக்கும் வாசிச்சுக் காட்டினாரு. 'அதன் பூக்களின் மீது மடத்துக்குத் தனி உரிமை இல்லை'ங்கிற இடத்துல மட்டும் குரல் கம்மிப் போச்சு.

மெய்யம்மைத் தாய் நகல வாங்கிக் கையெழுத்துப் போட்டாங்க.

"அப்பீல் எத்தன நாளுக்குள்ள சார்?"

"முப்பது நாள்."

"சரி." டப் டப்புனு போயிட்டாங்க.

அப்பீல் வரல. ஆனா விசாரணைக்கு அப்பறம் வந்த ரெண்டு வெள்ளிக்கிழமையும் தாசில்தார் மடத்துப் பக்கமே போகல. பன்னெண்டு வருஷத்துல முதல் தடவ. வீட்டுல சோறு எறங்கல. போனா முகத்தத் திருப்பிக்குவாங்களோன்னு பயம். மூணாவது வெள்ளிக்கிழமை குளிச்சுக் கெளம்பி, பாதி வழியில ரெண்டு தடவ திரும்பி, கடைசியில மடத்து வாசலுக்கு வந்து நின்னாரு. வேலி இருந்த இடத்துல வரிசையாக் குழி. பாதையில செண்பகப் பூ உதிர்ந்து கெடந்துச்சு. அதுக்கு மேல நெறையக் கால் தடம்.

மெய்யம்மைத் தாய் பூக்கூடையோட வெளிய வந்தாங்க. கூடையில அரளி.

"ஏன் வாசல்லயே நிக்கற?"

"தாயே, அன்னைக்கு மரத்த நெசமாத்தான் கேட்டீங்களா? இல்ல, என்னைச் சோதிச்சீங்களா?"

"நெசமாத்தான் கேட்டேன். செண்பகம் இப்ப அரசாங்கப் பூ. இதப் பாரு, அரளி. அந்த மணம் வராது."



"உங்களுக்கு எதிரா எழுதினவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வர்றது?"

"எழுதினது யாரு?"

"தாசில்தார்."

"அவரு இங்க வந்ததே இல்லையே."

மெய்யம்மைத் தாய் கூடைய இடுப்புல வெச்சுக்கிட்டு வழி விட்டாங்க.

"நீ உள்ள வா திருமேனி," அப்படின்னாங்க. "செருப்பக் கழட்டிட்டு வா."