தாளாளர் வைத்த கல்

சிரிப்பு வரும், பொறுங்கள். முதலில் கொஞ்சம் இருமிக்கொள்ளலாம், ஏனென்றால் கதை நடப்பது அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படியும் சுண்டிக்குப்பத்தில்.

சோலார் மாட்டவும் வெள்ளத்தை வடிக்கவும் கற்றுத்தரும் பருவநிலைக் கல்லூரி ஒன்று வரவிருந்தது. அதற்கான கூட்டத்துக்கு மைக்செட் போட வந்த குப்பத்து எஸ்தர், கல்லூரியைக் கட்டவிருந்த தாளாளர் தணிகாசலத்தை மறித்தாள். "புகையைத் தின்னது நாங்க. அந்தப் படிப்பும் எங்களுக்குத்தான் முதல்ல வரணும். குப்பத்துல புறம்போக்கு சும்மா கிடக்குய்யா, அங்க கட்டுங்க."

தாளாளர் மைக்கிலேயே செருமினார். "கல்லூரின்னா காத்தோட்டம் வேணும்மா. மலையடிவாரம்தான் சரி. சபையறியச் சொல்றேன், நான் என் கையால எங்க கல்லு வைக்கிறேனோ, அங்கதான் கல்லூரி."

"சரிங்கய்யா" என்றாள் எஸ்தர்.

மறுவாரம் குப்பத்துப் புறம்போக்கில் அவருக்குப் பாராட்டு விழா. பாராட்டென்றால் அவர் சாம்பலையும் மிதிப்பார். நாதஸ்வரம் முழங்கியது, மாலை விழுந்தது, கேமராக்கள் சூழ்ந்தன. எஸ்தர் தாம்பாளத்தில் கொத்துக்கரண்டியை நீட்டினாள். கரண்டியை நீட்டினால் எதற்கென்று கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். பூ வைத்த கல்லைச் சிமெண்டில் பதித்து, பூசி, கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"ரொம்ப சந்தோஷம். ஆமா, இது எதுக்கும்மா? பஸ் நிழற்குடையா, கழிப்பறையா?"

"நீங்க கல்லு வச்சா அங்க என்ன வரும்னு நீங்களேதானேய்யா சொன்னீங்க?"

தாளாளர் கல்லைப் பார்த்தார், கேமராக்களைப் பார்த்தார். புன்னகையை மட்டும் எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.