சொர்ணம் நாளெல்லாம் நின்ற கதை

ஒட்டங்குளத்தில் மூன்று அறிவாளிகள் இருந்தார்கள்: மாடசாமி, லிங்கதுரை, சுடலை. அப்படிச் சொன்னது அவர்களேதான். மறுத்துப் பேச ஊருக்கு நேரமில்லை.

பெண்கள் உடம்பால் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுத ஆள் தேடி வந்த டாக்டரம்மா, இவர்களைப் போய்ப் பிடித்தாள்.

"சொர்ணம் வீட்டு எதிரே பெஞ்சில் உட்காருங்கள். எழுந்து அலையக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். உழைப்பு அதிகமென்றால் பஞ்சாயத்து இந்தத் தெருவுக்குக் குழாய் போடும்."

ஒரு மைல் நடந்து தண்ணீர் சுமக்கிறவளுக்குக் குழாய் என்றால் சும்மாவா? அன்று வேண்டுமென்றே ஆறு நடை போனாள் சொர்ணம்.

முதல் நடை. வெறுங்குடங்களோடு தெருமுனை திரும்பினாள்.

"ஆளைக் காணலையே, என்ன எழுத?" என்றான் மாடசாமி.

"காணாததை எழுதக் கூடாதுல்லா? விடு" என்றான் லிங்கதுரை.

தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக நிறைகுடங்களோடு வந்தவள் மூச்சிரைக்க வாசலில் நின்றாள்.

"எழுதுலே: நிற்கிறாள்."

ஆறு நடைக்கும் ஆறு 'நிற்கிறாள்'.

"அண்ணாச்சி, என் பின்னாடியே வந்து பாத்தாத்தானே தெரியும்?"

"எழக் கூடாது தாயி. உத்தரவு."

வாசல் கட்டிலில் அவள் புருஷன் மல்லாந்து குறட்டை விட்டான். தொந்தி ஏறியது, இறங்கியது. சுடலைக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம்லே, காலையிலருந்து ஒரு நிமிஷம் ஓயல!"

எழுதினார்கள்: 'கடும் உழைப்பு.'

பஞ்சாயத்திலும் அறிவுக்குப் பஞ்சமில்லை. மறுநாளே உத்தரவு வந்தது: குழாய் தேவையில்லை. சும்மா நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி, ஓயாது உழைக்கும் புருஷனுக்கு ஒரு தலையணை. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.

புருஷன் உழைத்துக்கொண்டிருந்ததால் சொர்ணமே போனாள். இரும்பு நாற்காலியைத் தலையில் கவிழ்த்து, அதன் கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகி, போன காலோடு இடுப்பில் ஒரு குடம் தண்ணீரும் எடுத்து வந்தாள்.

எழுந்திருக்கலாம் என்று யாரும் சொல்லாததால் மூவரும் பெஞ்சிலேயே இருந்தார்கள்.

"இப்போ என்ன எழுத?"

"நாற்காலியும் ஆளும் ஒட்டித்தானே இருக்கு? உட்கார்ந்திருக்காள்னு எழுது."

"கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள் சொர்ணம். "நாற்காலி என் தலையில இருக்கு!"

மூவரும் கலந்து பேசினார்கள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. மாடசாமி அடித்துத் திருத்தினான்:

'தலைகீழாக உட்கார்ந்திருக்கிறாள்.'

"இது உழைப்புல சேருமாலே?"

"எப்படி உட்கார்ந்தா என்ன, ஓய்வு ஓய்வுதாம்லே."