மருதன் குரங்கின் சுழல்பெட்டி

நாவல்குளக் கரையில் மருதன் என்ற குரங்கு விளையாட்டுப் பெட்டிக் கடை வைத்திருந்தது. பட்டனை அமுக்கினால் திரையில் பலாப்பழம் விழும். அது தரையில் விழுவதற்குள் பிடிக்க வேண்டும். காட்டில் அந்தப் பெட்டி இல்லாத பொந்தே கிடையாது. முள்ளம்பன்றிகூடச் சோறு தண்ணி மறந்து பழம் பிடித்தது.

ஒருநாள், எதிர்க்கரையில் நரி புதுக் கடை போடப்போகிறது என்று செய்தி வந்தது. மருதன் கணக்குப் போட்டுப் பார்த்தது. வாடிக்கை எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"நரி வர்றதுக்குள்ள நான் முந்திக்கணும்" என்று மருதன் சுழல்பெட்டி என்றொரு கருவி செய்தது. பழைய பெட்டியைத் தூக்கி இந்தச் சுழல்பெட்டியின் தலைமேல் வைக்க வேண்டும். சுழல்பெட்டி ஒரு தட்டை வெளியே நீட்டும். தட்டில் பளபளக்கும் சிடியை வைத்தால், உள்ளே இழுத்துக்கொண்டு சுழலும்.

"நூறு விளையாட்டு அடங்குற இடம் இந்த ஒரு சிடியில இருக்கு!" என்றது மருதன்.

விளையாட்டுகளை உருவாக்கித் தருவது வள்ளி என்ற சிலந்தி. அது சிடியைச் சுற்றி வந்து பார்த்தது.

"இடம் இருக்கு, சரி. ஆட்டம் எங்கண்ணே? வர்ற மழைக்காலம் முடியட்டும். நல்லதா நாலு செஞ்சு தரேன்."

"அதுவரைக்கும் நரி சும்மா இருக்குமா? நானே நிரப்பிக்கிறேன், போ" என்றது மருதன். பொறுமை என்பது அதன் பரம்பரையிலேயே இல்லை.

அது மயில் ஆடுவதைப் படம் பிடித்தது. யானை குளிப்பதையும் படம் பிடித்தது. சிடி நிரம்பிவிட்டது.

கடை திறந்த அன்று கூட்டம் அலைமோதியது. திரையில் மயில் ஆட ஆட எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். செவந்தி முயல் மழைக்காலத்துக்குச் சேர்த்த கிழங்கை எல்லாம் கொடுத்து ஒரு சுழல்பெட்டி வாங்கிப் போனது. மருதனுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் செவந்தியும் அதன் குட்டியும் திரும்பி வந்தார்கள்.

"மாமா, இதுல நான் எப்ப விளையாடுறது?" என்று குட்டி கேட்டது.

"பார்த்துக்கிட்டே இரு. மயில் தலையத் திருப்புறப்ப பட்டன ஒரு தடவ அமுக்கு."

"அமுக்கலன்னா?"

"மயில் முதல்லருந்து ஆடும்."

குட்டி யோசித்தது. "அமுக்கினா?"

"மீதிய ஆடும்."

பின்னால் நின்ற ஆமைக்கும் ஒரு குறை இருந்தது. "சிடியப் போட்டுட்டு குளத்துல ஒரு சுத்து நீந்திட்டு வந்தேன்ப்பா. இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. என்னையே காக்க வைக்குதுன்னா பார்த்துக்க."

கூட்டம் சிரித்தது. மருதன் சிரிக்கவில்லை. விட்டால் எல்லோரும் போய்விடுவார்களே என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னது.

"அதத் தூக்கிப் பரண்ல போடுங்க. அடுத்த மாசம் இதைவிடப் பெருசா ஒண்ணு வருது!"

செவந்தியின் காதுகள் மெல்லத் தாழ்ந்தன. அதன் வீட்டில் இப்போது ஒரு கிழங்குகூட இல்லை.

"அதுல ஆட்டம் இருக்காண்ணே?" என்று கேட்டது.

"இடம் இன்னும் அதிகம்" என்றது மருதன்.

செவந்தி குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஒவ்வொருவராக எல்லோரும் பின்னால் போனார்கள்.

எதிர்க்கரையில் நரி கடையைத் திறந்திருந்தது. அதன் பெட்டி சின்னது. அதில் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அலை வருவதற்குள் நண்டை வளைக்குள் ஓட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அங்கே எழுந்த கூச்சலும் சிரிப்பும் குளம் முழுக்கக் கேட்டன.

மூன்று நாள் மருதன் தனியாக உட்கார்ந்து மயிலைப் பார்த்தது. அடுத்த நாள் கடையை மூடிவிட்டு எதிர்க்கரைக்குப் போய் வரிசையில் கடைசியாக நின்றது. அதன் முறை வந்தது. முதல் அலையே நண்டை அடித்துக்கொண்டு போனது.

"இன்னும் ஒரே ஒரு தடவ" என்று கெஞ்சியது மருதன்.

"வரிசையில வாங்க மாமா" என்றது முயல்குட்டி.

பாத்திரம் எவ்வளவு பெரியதானாலும், உள்ளே சோறு இல்லாவிட்டால் பந்தியில் யாரும் உட்கார மாட்டார்கள்.