சீல் உடையாத நீலம்

ஓய்வுபெற்ற தாசில்தார் உமாபதி வீட்டு செப்டிக் டேங்கிலிருந்து நீர் வெளியேறும் பழைய வாய்க்காலை மூடிவிட்டுக் கூலியாள் கொளஞ்சி புதிதாக ஒன்று வெட்டினான். அதிலும் கழிவுநீர் தேங்கியது.

“பக்கத்து வீட்டு டீச்சர் டேங்க்தான் கசியுது. நாளைக்குள்ள நிரூபி. இல்லேன்னா வெட்டினதே கோணல்னு பஞ்சாயத்துல சொல்லிப்புடுவேன். அப்புறம் உன்னை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?” என்றார் உமாபதி.

தேங்குவது அவர் வீட்டுக் கழிவுநீரேதான் என்று கொளஞ்சிக்குச் சந்தேகம். “சரிங்கய்யா. இன்னிக்கு டீச்சர் வீட்டுக் கக்கூஸ்ல சொட்டு நீலம் ஊத்துறேன். கசிஞ்சா உங்க வாய்க்கால் நீலமாயிடும்” என்றான்.

மறுநாள் பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்தபோது வாய்க்கால் நீலமாகக் கிடந்தது.

“போதுமா அத்தாட்சி?” என்றார் உமாபதி, கையைப் பின்னால் கட்டியபடியே.

கொளஞ்சி மடியிலிருந்து நீலப் புட்டியை எடுத்துத் தலைவரிடம் நீட்டினான். மூடியின் சீல் உடையவில்லை.

“நான் இன்னும் ஊத்தவே இல்லீங்க. ஐயா கையைக் கொஞ்சம் முன்னால காட்டச் சொல்லுங்க.”