நடுக்கண்மாயில் நின்ற கொக்கு

கொக்கின் கண்ணிமையைத் தைத்துக்கொண்டிருந்தான் ஒரு ஊரில் ஒருத்தன், பேர் சடையாண்டி. அது கத்தியது, அவன் தைத்தான். வலிக்காதா என்று கேட்காதீர்கள், வலிக்கும். கண் தெரியாத கொக்கு கட்டின இடத்தில் நிற்கும், நம்ம இனம் நிற்கிறதே என்று மற்றதெல்லாம் வந்து இறங்கும், சுற்றி வைத்த கண்ணியில் கால் மாட்டும். அதுதான் அவன் பிழைப்பு.

முதலில் கண்மாய்க் கரையோரம் கட்டினான், கோரைக்குள்ளிருந்து தண்ணிப்பாம்பு நெளிந்து வந்தது, காலில் பட்டதும் குருட்டுக் கொக்கு படபடவென்று அடித்தது, இறங்க வந்த கூட்டம் திரும்பிவிட்டது. மதகோரம் கட்டினான், அங்கேயும் பாம்பு, அங்கேயும் படபட. தாமரைப் பக்கம் கட்டினான், அங்கே ரெண்டு பாம்பு. அப்புறம் வெறிபிடித்து, வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டி, கல்லை வைத்து, மரம் வெளியே தெரியாதபடி தண்ணிக்குள் ஒரு சாண் அமுக்கி, நடுக்கண்மாயில் ஆள் முழுகுகிற பள்ளத்துக்கு மேலே விட்டு, அதில் கொக்கை நிறுத்தினான்.

அவன் பெண்சாதி ஒச்சம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள். ஏன் தெரியுமா? அந்தக் கண்மாயில் மழைக்கு மழை பள்ளம் இடம் மாறும். கொக்கு நிற்கிற இடம் மேடு என்று பார்த்துத்தான் சனம் இறங்கிக் கடக்கும்.

"ஏய்யா, கொக்கை நம்பித்தான ஊரே இறங்குது. அவுத்து விடு."

"எவ இறங்கினா எனக்கென்ன? அவளுக்குக் கண்ணு இல்லையா?"

"கொக்குக்கும்தான் இருந்துச்சு, நீ தச்சுட்ட. அவுத்து விடு."

"ரொம்பப் பேசினா உன் வாயையும் தச்சுப்புடுவேன்."

மறுநாள் அக்கரைக்குக் கதிர் அறுக்கப் போகிறவள், அரிவாளோடு நின்று கேட்டாள்: "திரும்பறப்ப குறுக்கேதான் வருவோம். அவுத்துருவியா, மாட்டியா?"

"உன் தலைமேல சத்தியம், இப்பவே அவுக்கிறேன், போ."

அவள் கரையைச் சுற்றிக்கொண்டு போனாள். இவன் இன்னும் ஒரு கூட்டம் இறங்கட்டும் என்று கோரைக்குள் உட்கார்ந்தான், உச்சி வெயில் போச்சு, வெயிலும் சாய்ந்தது, அப்போதுதான் பெரிய கூட்டம் ஒன்று வட்டம் போட்டது, அதே நேரம் அக்கரையில் ஒச்சம்மா முன்னால் இறங்கினாள், பின்னால் அறுப்புக்காரிகள்.

"நில்லுடி, நடுவுல நிக்கிறது உன் புருசன் கட்டினதா?" என்றாள் ஒருத்தி.

"அதை அவுத்துட்டாருடி. என் தலைமேல சத்தியம் பண்ணாருல்ல? இது தானா நிக்கிற கொக்கு."

இக்கரையில் சடையாண்டிக்கு எல்லாம் கேட்டது. கத்தினால் கூட்டம் கலைந்துவிடும். இதோ இறங்கிவிடும், இறங்கட்டும், கத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். கொக்குகள் இறங்கின. அவன் கத்தினான். அதற்குள் அங்கே ஒச்சம்மா இல்லை.

குதித்து நீந்தி, தேடி இழுத்துக் கரையில் போட்டான். மூச்சு இல்லை. அக்கரையில் திரும்ப ஏறி நின்ற பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு கத்தினார்கள்: "அடப் பாவி, இப்பவாச்சும் அதை அவுத்து விடுடா!"

அவுக்க வேண்டுமென்றால் மறுபடி அந்தப் பள்ளத்துக்குப் போக வேண்டும். அவள் பக்கத்திலிருந்து அவன் எழுந்திருக்கவே இல்லை. பெண்டாட்டி சொன்னாள், அவுக்கலை. ஊர் சொன்னது, அப்பவும் அவுக்கலை, கொக்கு அங்கேயே நின்றது.