மைக் பேசாத ரோடு

நாமக்கல்லில் ஒரு டிரைவர் பயிற்சிப் பள்ளி. அங்கே இருட்டறை ஒன்றில் சக்கரமில்லாத லாரி நிற்கிறது. ஸ்டியரிங், கியர், பிரேக் எல்லாம் நிஜம். எதிரே ஓடும் ரோடு மட்டும் திரையில் வரும் படம். சிமுலேட்டர் என்று கதவில் எழுதியிருந்தார்கள். படிக்க வந்தவர்கள் பொம்மை லாரி என்றார்கள்.

அந்தப் படத்து ஊரில் டீக்கடை உண்டு, டீ ஆற்ற ஆள் கிடையாது. வீடுகள் உண்டு, எந்த வாசலிலும் ஒரு செருப்புகூடக் கிடக்காது.

பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட அறை; உள்ளிருந்து லாரியும் திரையும் தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. அதற்குள் மைக் முன்னால் பிலோமினா டீச்சர் உட்கார்ந்திருப்பார். முப்பத்தைந்து வயது. நாக்பூர் வரை லாரி ஓட்டியவர். தப்பாக ஓட்டினால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சரியாக ஓட்டினால் பேச மாட்டார். உப்பு சரியாக இருந்தால் எந்த வீட்டில்தான் வாயைத் திறக்கிறார்கள்?

மாரப்பனுக்கு ஐம்பது வயது. வேலை பார்த்த தறிப்பட்டறையை மூடிவிட்டார்கள். மனைவி இறந்து ஒரு வருஷம். பொம்மை லாரியில் தேறினால் வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. இரண்டு முறை ஓட்டியும் தேறவில்லை. இன்று மத்தியானம் கடைசி வாய்ப்பு. இதையும் விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

காலையிலேயே கண்ணாடி அறைக்கு வந்து டீச்சர் முன்னால் நின்றான்.

"டீச்சர், நான் ஏன் தேற மாட்டேங்கறேன்?"

"மலை வளைவு வெச்சேன். பனி வெச்சேன். குறுக்க எருமைய விட்டேன். டயரக்கூட வெடிக்க வெச்சேன். அத்தனையும் தாண்டிட்டீங்க."

"ஆமாங்க."

"ஒண்ணுமே இல்லாத நேர் ரோட்டுல போய் நடுத்தடுப்புல இடிக்கறீங்க. அது உங்களுக்கு என்னங்ணா பாவம் பண்ணுச்சு?"

மாரப்பன் தரையைப் பார்த்தான்.

"தூக்கமா?"

"இல்லீங்க."

"கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுதுங்க."

"அப்ப வேணும்னே பண்றீங்க."

அவன் மேசையிலிருந்த மைக்கைப் பார்த்தான்.

"இடிச்சா கூப்பிடறீங்கல்ல. 'மாரப்பண்ணா, என்னாச்சு'ன்னு. வீட்டுல டிவி பேசுது. அதுக்கு என் பேரு தெரியாதுங்களே."

"கிறுக்கா புடிச்சிருக்கு? நெசமான ரோட்டுல இடிச்சா யாரு கூப்பிடுவாங்க தெரியுமா?"

"போலீஸு."

"தெரிஞ்சுமா?"

"நேர் ரோட்டுல ஒரு சத்தமும் இருக்கறதில்லீங்க டீச்சர். நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னு தோணிருது. அப்புறம் கை தானாத் திரும்புது."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இதுல உக்காருங்க."

"நானுங்களா?"

"வசந்தாமணி ஓட்டப் போறா. தப்புப் பண்ணினா கூப்பிடுங்க. பண்ணலேன்னா வாயத் தொறக்கக் கூடாது."

சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

வசந்தாமணியும் அங்கே பயில்பவள்தான். வந்தாள், ஏறினாள், கிளப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் யார் என்று அவளுக்குத் தெரியாது.

மாரப்பன் முன்னால் சாய்ந்தான். வளைவு வந்தபோது அவன் கால் வெறுந்தரையை மிதித்தது. குறுகிய பாலத்தில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். திரையில் இருட்டியது, எதிரே பஸ் வந்தது. 'லைட்டத் தணி, லைட்டத் தணி' என்று உதடு அசைந்தது. அதற்குள் அவளே தணித்துவிட்டாள். யாரோ அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன டீ ஏடு கட்டியது.

நேர் ரோடு வந்தது. அவள் ஒரு கையை எடுத்து நெற்றி முடியை ஒதுக்கினாள். அந்தக் கை மறுபடி ஸ்டியரிங்குக்கு வரும்வரை மாரப்பன் மூச்சு விடவில்லை.

ஓட்டி முடித்துவிட்டு வசந்தாமணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அட, நீங்களா உக்காந்திருந்தீங்க? ஒரு சத்தத்தையும் காணோம். டீச்சர் டீ குடிக்கப் போயிருச்சாட்ட இருக்குதுன்னு நான் பாட்டுக்கு நிம்மதியா ஓட்டினேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. அந்தப் புள்ள நல்லா ஓட்டுச்சு."

"நேர் ரோட்டுல?"

"அங்கயும் ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்ப எந்திரிச்சுப் போயிட்டீங்களாங்ணா?"

மாரப்பன் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான்.

மத்தியானம் அவன் முறை வந்தது. மலை போயிற்று. பாலம் போயிற்று. ஆளில்லாத டீக்கடை போயிற்று. நேர் ரோடு விரிந்தது. என்ஜின் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. 'டீச்சர்' என்று கூப்பிட வாய் திறந்தது. மூடிக்கொண்டான். ஸ்டியரிங் ஒரு விரற்கடை தடுப்புப் பக்கம் போனது. அவனே திருப்பிக்கொண்டான்.

தடுப்பு கூடவே ஓடிவந்தது, ரோடு முடிகிறவரை.

வண்டி நின்றது. திரையில் பச்சை எழுத்தில் 'தேர்ச்சி' என்று வந்தது. மைக் பேசவில்லை. மாரப்பனும் கூப்பிடவில்லை. இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.