கடைசி வீட்டுக் குழாய்

குருவுக்குத் தாடி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஆறு கம்ப்யூட்டர், மூலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். அதுதான் அவன் மடம். பெயர் மகிழ்வண்ணன், வயது முப்பத்தைந்து. அங்கே ஆப் எழுத வந்த எல்லோருக்கும் முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவன் அவன் என்பதால் குரு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சீடர்களில் மூத்தவள் ஜெசிந்தா. குருவைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். பிள்ளைகள் இரண்டும் தலையெடுத்த பிறகு நாற்பத்தொன்றாம் வயதில் வந்து கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தவள். சாதாரண நாட்களில் அவனைத் 'தம்பி' என்பாள். கோபம் வந்தால் 'குருவே' என்பாள்.

அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்ததுமே, "குருவே," என்றாள்.

மற்றவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். அவர்கள் செய்த ஆப் ஒன்று ஊரில் பாதி வீட்டில் இருந்தது. 'தண்ணி வருது' என்று பெயர். ஆறு ஓடுகிற ஊர்தான். ஆனால் குழாயில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் தெருவுக்கு ஒரு நேரம். வால்வு திறக்கிற ஆள் தன் போனில் 'திறந்தாச்சு' என்ற பொத்தானை அழுத்துவார். அந்தத் தெருக்காரர்களின் போனில் மணி அடிக்கும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். வேறு ஒரு ஜாலமும் அதில் கிடையாது.

ஒன்பது வருடத்துப் பழைய ஆப். அதைப் புதிதாக எழுதும் வேலையை ஜெசிந்தா கேட்டு வாங்கியிருந்தாள். மூன்று மாதம் அதிலேயே கிடந்தாள். கண்ணாடி போடாமலே படிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்கினாள். கண்ணைக் குத்தும் நிறங்களை மாற்றினாள். வேண்டாத கேள்விகளைக் களை மாதிரி பிடுங்கிப் போட்டாள். பெயர் எதற்கு? வயது எதற்கு? வீடு தெருவில் தொடக்கமா, நடுவா, கடைசியா என்று ஒரு கேள்வி, அது எதற்கு? தண்ணீர் கேட்டு வருகிறவளைப் பெண் பார்க்கவா போகிறோம்? அந்தக் கேள்விகளைப் பார்த்த மாத்திரத்தில் பத்தில் நான்கு பேர் ஆப்பை மூடிவிட்டுப் போகிறார்கள் என்று படம் போட்டே காட்டினாள். இப்போது தெருப் பெயரை மட்டும் சொன்னால் போதும், மணி அடிக்கும்.

முடித்த அன்று ஏழு போன்களை மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்துச் சோதித்தாள். ஏழும் ஒரே விநாடியில் அடித்தன. அந்தச் சத்தத்துக்கு அவள் கண் கலங்கியது. அடுப்படியில் இருபது வருடம் நின்றதில் குக்கர் விசில் கேட்டு ஒரு நாளாவது கலங்கியிருக்கிறதா என்று தன்னையே திட்டிக்கொண்டு, எல்லோருக்கும் உளுந்த வடை வாங்கிவரச் சொன்னாள்.

புது ஆப்பைப் போன வாரம் முதலில் பாதிப் பேருக்கு மட்டும் விட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு மீதிப் பேருக்கும் விட வேண்டும். அதில் ஏதாவது சிக்கல் வந்தால் பழையதற்கே திரும்பிவிட வேண்டியது. அவள் பெயரில் வெளியே போகிற முதல் ஆப் அது. மூன்று மாத உழைப்பு தேறுமா தேறாதா என்பது அந்த ஆறு மணியில் இருந்தது.

அப்படிப்பட்ட நாளில் காலையில் ஆப்புக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு ஒரு விமர்சனம் விழுந்திருக்கிறது.

போட்டவள் பேச்சியம்மாள், நெசவாளர் காலனி மூன்றாம் தெரு. 'பொய் சொல்லும் ஆப். குடத்தோடு நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். செய்தவர்கள் நல்லா இருக்கட்டும்.'

அந்தக் கடைசி வரிதான் ஜெசிந்தாவை ரொம்பக் குத்தியது. ஏழு போனில் பார்த்தாகிவிட்டது, தன் போனில் தினமும் பார்க்கிறாள், எதிலும் குறை இல்லை, இந்தப் பெண்ணின் போன் எந்தக் காலத்துப் போனோ என்று அவள் கால் மணி நேரம் பொரிந்தாள். கான்வென்டில் படித்தவள். பொரிந்தாலும் முற்றுப்புள்ளி வைத்துப் பொரிவாள்.

குரு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"மணி அடிக்கலைன்னு எழுதியிருக்காங்களா?"

"அடிக்குதாம். பொய்யா அடிக்குதாம். மணியில என்ன பொய் மணி, நிஜ மணி?"

"உங்க போன்ல அடிச்சப்ப குழாயைத் திறந்து பாத்தீங்களாக்கா?"

"குழாயை எதுக்குத் திறக்கணும்? நான் ஆப்பைத்தானே சோதிக்கிறேன்."

அவன் டீயைக் குடித்து முடித்தான்.

"சாயங்காலம் எல்லாருக்கும் விடணும். இவளுக்கு என்ன பதில் எழுத, அதை மட்டும் சொல்லு."

குரு எழுந்து மூலைக்குப் போனான். அந்தப் பச்சைக் குடத்தில் ஆளாளுக்குக் குடை செருகி வைத்திருந்தார்கள். குடைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாய்த்தான். இந்தக் குப்பையைத் தூக்கிப்போடு என்று ஜெசிந்தா ஒவ்வொரு போகிக்கும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு போகிக்கும் அவன் தலையாட்டியிருக்கிறான்.

குடத்தை அவள் கையில் கொடுத்தான்.

"வாங்கக்கா. மூணு மணி வாக்கில அந்தத் தெருவுக்குத் தண்ணி. ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

நல்ல சேலையும் கைப்பையுமாக, மடியில் குடத்தோடு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போவது என்ன கோலம் என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். குரு சாலையை மட்டும் பார்த்து வண்டியை ஓட்டினான்.

மூன்றாம் தெரு நீளமான தெரு. முனையிலேயே ஒரு தெருக்குழாய் இருந்தது. அங்கே நிற்காமல் கடைசி வரைக்கும் போனான். கடைசி வீட்டு வாசலிலும் ஒரு குழாய், அதைச் சுற்றி ஐந்து பெண்கள், பதினைந்து குடங்கள். ஜெசிந்தா வரிசையின் வாலில் பச்சைக் குடத்தை வைத்துவிட்டு, தன் போனில் அந்தத் தெருவின் பெயரைப் போட்டாள்.

மூன்று ஐந்துக்கு அவள் போனில் மணி அடித்தது. சுத்தமான, அழகான மணி. அதே நேரத்தில் தெரு முனைக் குழாயில் குடம் பிடிக்கத் தொடங்கியது இங்கிருந்தே தெரிந்தது. அவள் குருவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

இங்கே குழாய் சும்மா இருந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒருத்தி அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி ஓடினாள். பத்து நிமிடம் ஆயிற்று. முன்னெல்லாம் இந்த ஆப் ஒழுங்காகத்தான் இருந்தது, போன வாரத்திலிருந்துதான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். செய்தவன் கையில் ஒரு குடத்தைக் கொடுத்து இங்கே நிற்க வைத்தால் தெரியும் என்றாள் இன்னொருத்தி. குரு அதை ஆமோதித்துத் தலையாட்டினான்.

பூப்போட்ட நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தவள்தான் பேச்சியம்மாள். ஜெசிந்தாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புதுசா குடி வந்திருக்கியளா? எத்தனாவது வீடு?"

அந்தக் கேள்வி இதற்கு முன்னால் ஜெசிந்தாவின் காதில் விழுந்திருக்கிறது. கேட்ட குரல்தான் வேறு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் வீடு மரக்கடைச் சந்தில் கடைசி வீடு. 'தண்ணி வருது' அப்போதுதான் வந்திருந்தது. மணி அடிக்கும், ஓடுவாள், குழாய் காய்ந்து கிடக்கும். ஒரு நாள் ஆத்திரத்தில் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத ஆங்கிலத்தில் அந்த ஆப்பைக் கிழித்துத் தொங்கவிட்டாள். மறுநாள் ஒட்டடைக் குச்சி மாதிரி ஒருவன் வாசலில் வந்து நின்றான். அதைச் செய்தது நான்தான் என்றான். அவள் பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் ஒன்றுதான் கேட்டான்.

"தெருவில உங்க வீடு எத்தனாவது வீடுக்கா?"

அப்புறம் தண்ணீர் வருகிற நாளெல்லாம் வந்து வரிசையில் நின்றான். குடம் இல்லாத ஆளுக்கு வரிசையில் என்ன வேலை என்று சந்துப் பெண்கள் சீறினார்கள். அவள்தான் தன் குடம் ஒன்றை அவன் கையில் திணித்தாள்.

அந்தக் காத்திருப்புகூட நன்றாகத்தான் இருந்தது என்று இப்போது தோன்றியது. ஒருத்தி முறத்தில் பூண்டு கொண்டுவருவாள். எல்லோருமாகச் சேர்ந்து உரித்துக் கொடுப்பார்கள். தையல்காரர் பெண்சாதி பார்த்த படத்தைச் சண்டைக் காட்சி உட்பட நடித்துக் காட்டுவாள். காலையிலிருந்து சுற்றிச் சுழன்ற ஜெசிந்தாவுக்கு, தண்ணீர் வராத அந்த இருபது நிமிடம்தான் நாளில் உட்காரக் கிடைத்த நேரம். குழாய் முதலில் இருமும். பிறகு காற்றை ஊதும். அந்த இருமலைக் கேட்டதும் எல்லோரும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துகொள்வார்கள்.

நான்காவது தடவை வந்தபோது ஒட்டடைக் குச்சி தன் போனை நீட்டினான். ஆப்பில் புதிதாக ஒரு கேள்வி. வீடு தெருவில் தொடக்கமா, நடுவா, கடைசியா? 'கடைசி' என்று முதன்முதலில் அழுத்தியது அவள் விரல். அன்றைக்கு மணி இருபது நிமிடம் தாமதித்து, குழாய் இருமுகிற நேரத்துக்குச் சரியாக அடித்தது. சந்தே கைதட்டியது.

அதே விரல்தான் போன மாதம் அந்தக் கேள்வியைப் பிடுங்கி எறிந்தது.

சந்தை விட்டு ஃபிளாட்டுக்குப் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. கீழே தரைக்கடியில் சம்ப், மேலே டேங்க். திருகினால் தண்ணீர். அது எப்போது வருகிறது என்பது வாட்ச்மேனுக்குத்தான் தெரியும்.

குழாய் இருமியது.

பெண்கள் எழுந்துகொண்டார்கள். மணி மூன்று இருபத்தேழு. பேச்சியம்மாள் பிடித்து, மற்றவர்கள் பிடித்து, கடைசியில் ஜெசிந்தாவின் முறை வந்தபோது தண்ணீர் நூலாகிவிட்டது. கழுவுவதற்காகக் குடத்தைக் கவிழ்த்தாள். அடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுட்டு எழுதிய ஓர் எழுத்து இருந்தது. ஜெ.

தெருக்குழாயில் குடம் மாறிப்போகக் கூடாதென்று தன் குடங்களுக்கெல்லாம் அவளே சூடு போட்ட எழுத்து.

அதில் ஒட்டியிருந்த தூசியை விரலால் தேய்த்துக் கழுவினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். ஆறு மணிக்கு என்று குறித்து வைத்திருந்ததை ரத்து செய்தாள். முன்பே போன பாதிப் பேருக்கும் பழையது திரும்பும்படி செய்தாள். மூன்று மாத வேலை. இரண்டு பொத்தான்.

பேச்சியம்மாள் இடுப்பில் குடத்தோடு போகிற போக்கில் கேட்டாள்.

"சொல்லவே இல்லையே, எத்தனாவது வீடு?"

"ஒரு காலத்தில கடைசி வீடும்மா," என்றாள் ஜெசிந்தா.

கால் குடம் தண்ணீரோடு ஸ்கூட்டர் அருகே வந்தாள். குரல் இறங்கியிருந்தது. 'குருவே' என்று வரவில்லை.

"தம்பி, அந்தக் கேள்வியை நான் எடுத்தப்ப நீ பக்கத்திலதானே இருந்த. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

குரு குடத்தை வாங்கி, தண்ணீர் சிந்தாமல் வண்டியில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தினான்.

"எனக்கும் சரின்னுதான்க்கா தோணுச்சு. எங்க வீட்லயும் சம்ப் கட்டி ஏழு வருஷம் ஆச்சு. இப்படி மறந்துரும்னுதான் அந்தக் குடத்தை ஆபீஸ்ல வெச்சிருக்கேன்."